நடந்துகொண்டே பாட்டை மாற்ற: உடலில் மாட்டும் மியூசிக் ரிமோட்டுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் சட்டைப்பையில்தானே இருக்கிறது, இதற்கெல்லாம் தனியாக ஒரு சாதனம் எதற்கு?

உட்கார்ந்து பாட்டு கேட்பவருக்குத் தேவையே இல்லை. ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், மலையேறுகிறவர், இரண்டு கையிலும் கிரீஸ் அப்பிக்கொண்டு வேலை பார்க்கிறவர், இவர்களுக்குத்தான் வேண்டும். ஓடிக்கொண்டே போனை எடுப்பதென்றால் வேகத்தைக் குறைத்து, இடுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, வியர்வை விரலால் லாக்கைத் திறக்கப் பார்த்து, அது ஏற்காமல் விரலைச் சட்டையில் துடைத்து மறுபடி முயன்று, அப்புறம்தான் பிடிக்காத அந்தப் பாட்டைத் தள்ள முடியும். அதற்குள் பாட்டே முடிந்துவிடும்.

இந்தப் பக்கம் முழுக்க நான் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: பார்க்காமல், விரலால் தடவியே பட்டனைக் கண்டுபிடிக்க முடிகிறதா? முடிகிறது என்றால் அது ரிமோட். குனிந்து பார்த்துத்தான் அழுத்த வேண்டும் என்றால் அது இன்னொரு குட்டி போன், அவ்வளவுதான்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

இயர்போன் வயரிலேயே தொங்கும் ரிமோட், காலரில் கிளிப் போட்டு மாட்டும் ப்ளூடூத் ரிசீவர், சைக்கிள் ஹேண்டில்பாரிலோ பையின் தோள்பட்டையிலோ கட்டும் தனி ப்ளூடூத் பட்டன், மோதிரம், ஸ்மார்ட்வாட்ச், இயர்பட்ஸின் மேலேயே இருக்கும் டச் அல்லது பட்டன். இதற்கு வெளியே, துணியிலேயே பட்டன் தைத்த ஜாக்கெட், தசை அசைவைப் படிக்கும் கைப்பட்டை என்று சில விசித்திரங்கள் வந்து போயின. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இது புதிதாக வந்த யோசனையா?

இல்லை. சோனியின் முதல் வாக்மேன் 1979-இல் வந்தது. அதற்குப் பிறகு வந்த உயர்ரக கேசட் பிளேயர்களிலும், 1992-இல் அறிமுகமான மினிடிஸ்க் பிளேயர்களிலும் வயரில் ஒரு ரிமோட் சேர்ந்தே வரும். மினிடிஸ்க் ரிமோட்டுகள் சிலவற்றில் பாட்டின் பெயர் காட்டும் குட்டி டிஸ்பிளேகூட உண்டு. பிளேயரைப் பையின் அடியில் போட்டுவிட்டு நாள் முழுக்க அந்த ரிமோட்டிலேயே காலம் தள்ளியவர்கள் ஏராளம். இன்றைய ப்ளூடூத் சாதனங்கள் பல, அந்த வசதியை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இயர்போன் வயரில் இருக்கும் பட்டன் எப்படி வேலை செய்கிறது? அதற்கு பேட்டரி கிடையாதே?

மைக்குக்குப் போகும் கம்பியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான்கு தொடுபகுதி உள்ள 3.5 மி.மீ. பிளக்கில் இடது, வலது, எர்த், மைக் என்று நான்கு இணைப்புகள். மைக் வேலை செய்ய போன் ஒரு சிறு மின்னழுத்தத்தை அந்தக் கம்பியில் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். நடு பட்டனை அழுத்தினால் மைக் கம்பி நேராக எர்த்தோடு சேர்ந்துவிடும். போன் அதைக் கவனித்து பாட்டை நிறுத்தும். ஆண்ட்ராய்டுக்கான வரையறையில் வால்யூம் கூட்டும் பட்டன் 240 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகவும், குறைக்கும் பட்டன் 470 ஓம் வழியாகவும் அந்தக் கம்பியை எர்த்தோடு இணைக்கும். எந்த ரெசிஸ்டர் குறுக்கே வந்தது என்பதை வைத்து எந்த பட்டன் என்று போன் தெரிந்துகொள்கிறது. மொத்த ரிமோட்டும் இரண்டு மூன்று ரெசிஸ்டரும் சுவிட்சும்தான். அதனால்தான் அது சார்ஜ் கேட்பதில்லை, கனெக்ட் ஆகாமல் மக்கர் பண்ணுவதில்லை.

நடு பட்டனில் ஒரு அழுத்து அழுத்தினால் நிறுத்தம் அல்லது தொடக்கம், இரண்டு அழுத்து அடுத்த பாட்டு, மூன்று அழுத்து முந்தைய பாட்டு. பெரும்பாலான போன்களில் இதுதான் வழக்கம், ஆனால் எந்த ஆப் ஓடுகிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

ஐபோன் இயர்போனை ஆண்ட்ராய்டில் போட்டால் நடு பட்டன் மட்டும் வேலை செய்கிறது, வால்யூம் ஏன் மாறவில்லை?

நடு பட்டன் இரண்டிலும் ஒரே மாதிரி, மைக்கை எர்த்தோடு சேர்ப்பதுதான். வால்யூமுக்கு ஆப்பிள் ரெசிஸ்டர் முறையைப் பயன்படுத்தவில்லை. ரிமோட்டுக்குள் ஒரு குட்டி சிப்பை வைத்து, காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் சிக்னல் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு போனுக்கு அது புரியாது. இயர்போன் பழுது இல்லை, பாஷை வேறு. திருப்பிப் போட்டாலும் இதே கதைதான்.

பழைய இயர்போன் ஒன்றைச் செருகியதும் பாடகரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் போனது மாதிரிக் கேட்டால் அது வேறு பிரச்சினை. எர்த்தும் மைக்கும் பிளக்கின் எந்தப் பகுதியில் என்பதில் சிடிஐஏ, ஓஎம்டிபி என்று இரண்டு முறைகள் இருந்தன. இப்போது சிடிஐஏ தான் பரவலாக இருக்கிறது. பழைய ஓஎம்டிபி இயர்போன் என்றால் இரண்டையும் மாற்றிப்போடும் குட்டி அடாப்டர் உண்டு, அதைப் போட்டால் சரியாகிவிடும். அடாப்டர் இல்லாத அவசரத்துக்கு நடு பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்ப வரும், ஏனென்றால் அப்போது இரண்டு கம்பியும் ஒன்றாகிவிடுகிறது. கண்டுபிடிப்பதற்கான சோதனையும் அதுவே.

டைப்-சி ஜாக் மட்டும் உள்ள போனில் வயர் ரிமோட் வேலை செய்யுமா?

செய்யும், அடாப்டரைப் பொறுத்தது. உள்ளே டிஏசி சிப் (டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றுவது) உள்ள அடாப்டர் என்றால் அந்த சிப்தான் பட்டனைப் படித்து யுஎஸ்பி வழியாகப் போனுக்குச் சொல்ல வேண்டும். சில அடாப்டர்கள் மூன்று பட்டனையும் படிக்கும், சில நடு பட்டனை மட்டும், இன்னும் சிலவற்றுக்கு மைக் இணைப்பே இருக்காது. அப்புறம் பட்டன் எங்கே வேலை செய்யும்? வாங்கும்போது "மைக் உண்டா" என்று பாருங்கள். மைக் இல்லை என்றால் பட்டனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ப்ளூடூத் ரிமோட் வாங்கினால் எந்த பிளேயரோடும் சேருமா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ப்ளூடூத்தில் பாட்டைக் கட்டுப்படுத்த முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று ஏவிஆர்சிபி. உங்கள் ஹெட்போன் பிளேயரோடு பேசுவது இதில்தான்: பாட்டின் ஒலி ஏ2டிபி வழியாகப் போகும், "நிறுத்து", "அடுத்தது" என்ற கட்டளை ஏவிஆர்சிபி வழியாகத் திரும்பி வரும். இன்னொன்று எச்ஐடி, அதாவது கீபோர்டும் மவுஸும் இணையும் அதே வழி. ஹேண்டில்பார் பட்டன், மோதிரம் போன்ற தனி ரிமோட்டுகளில் பெரும்பாலானவை தங்களை ஒரு கீபோர்டு என்று சொல்லிக்கொண்டுதான் போனோடு இணைகின்றன. கணினிக் கீபோர்டின் மேல்வரிசையில் இருக்குமே பிளே, வால்யூம் சாவிகள், அவற்றைத்தான் இவையும் அனுப்புகின்றன.

போன் என்றால் இரண்டும் தெரியும், கவலை இல்லை. ஆண்ட்ராய்டில் ஓடும் மியூசிக் பிளேயர்களும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் சின்ன டிஸ்பிளேயோடு வரும் எளிய எம்பி3 பிளேயர்களில் "ப்ளூடூத் உண்டு" என்று பெட்டியில் போட்டிருந்தாலும், பலவற்றில் அது ஹெட்போனுக்கு ஒலி அனுப்ப மட்டும்தான். கீபோர்டை ஏற்கும் வசதியே இருக்காது. அதில் ரிமோட்டைத் தேடினால் பட்டியலில் பெயர்கூட வராது, வந்தாலும் இணையாது. அந்த பிளேயருக்கு ஹெட்போனிலோ ரிசீவரிலோ இருக்கும் பட்டன்தான் ஒரே வழி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ரிமோட்டை இல்லை, பிளேயரை. ஒரு ப்ளூடூத் கீபோர்டைக் கடன் வாங்கி இணைத்துப் பாருங்கள். அது சேர்ந்தால் ரிமோட்டும் சேர வாய்ப்பு அதிகம்.

ஹெட்போன் ஏற்கெனவே இணைந்திருக்கும்போது ரிமோட்டையும் இணைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. இரண்டும் வேறு வேறு வேலை என்பதால் ஒன்றையொன்று வெட்டாது.

ரிமோட்டில் முதல் அழுத்து வீணாகிறது, இரண்டாவது அழுத்துக்குத்தான் கேட்கிறது. பழுதா?

பழுது இல்லை, தூக்கம். பேட்டரியைச் சேமிக்க இந்த பட்டன்கள் சில நிமிடங்கள் சும்மா இருந்தால் இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தூங்கிவிடும். நீங்கள் அழுத்தியதும் விழித்து, போனைத் தேடி, இணைய ஓரிரு நொடி ஆகும். அந்த முதல் அழுத்தை நினைவில் வைத்திருந்து இணைந்ததும் அனுப்புகிற ரிமோட் உண்டு, விட்டுவிடுகிற ரிமோட்டும் உண்டு. இரண்டாவது ரகம் என்றால் பொறுமையில்லாமல் நான்கைந்து தடவை தட்டிவிடாதீர்கள். இணைந்த பிறகு விழுந்த கடைசி மூன்று தட்டும் போய் மூன்று பாட்டு தாண்டி நிற்கும். ஒரு தட்டு, ஒரு மூச்சு விட்டு இன்னொரு தட்டு. பழகிவிடும்.

பிளே அழுத்தினால் நான் கேட்டுக்கொண்டிருந்த ஆப்பை விட்டுவிட்டு வேறு ஏதோ ஓடுகிறது!

ரிமோட் "பிளே" என்று மட்டும்தான் சொல்கிறது, எந்த ஆப்பில் என்று அதற்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு 8-இலிருந்து கடைசியாக எந்த ஆப் ஒலி எழுப்பியதோ அதற்குத்தான் அந்தக் கட்டளை போகும். நடுவில் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தீர்கள் என்றால், அதுதான் கடைசி. ஐபோனில், பின்னணியில் எந்த ஆப்பும் மிச்சமில்லை என்றால் அதன் சொந்த மியூசிக் ஆப் கிளம்பிவிடும். வெளியே கிளம்பும் முன் உங்கள் ஆப்பில் ஒரு பாட்டைச் சில நொடி ஓடவிட்டு நிறுத்திவிட்டுப் போனைப் பைக்குள் போடுங்கள். இதை விட எளிய தீர்வு கிடையாது.

செல்ஃபி எடுக்கும் குட்டி ப்ளூடூத் பட்டனை இதற்குப் பயன்படுத்தலாமா?

அது அனுப்புவது பெரும்பாலும் "வால்யூம் கூட்டு" என்ற ஒரே சாவி. கேமரா ஆப் அதைத்தான் ஷட்டராக எடுத்துக்கொள்கிறது. அப்படியே பயன்படுத்தினால் அழுத்த அழுத்தச் சத்தம் ஏறிக்கொண்டே போகும், காதுக்குத்தான் கேடு. ஆண்ட்ராய்டில் சாவிகளின் வேலையை மாற்றித் தரும் ஆப்கள் உண்டு, அதில் போய் அந்தச் சாவியை "அடுத்த பாட்டு" என்று மாற்றிக்கொள்ளலாம். ஐபோனில் அந்த அளவு சுதந்திரம் கிடையாது. பழையது வீட்டில் கிடந்தால் முயன்று பாருங்கள், இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

ரிமோட் இணைந்திருக்கும்போது போனில் கீபோர்டே வரமாட்டேன் என்கிறது?

முன்பு சொன்ன அதே காரணம்தான். ரிமோட் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்வதால், "அதுதான் கீபோர்டு இருக்கிறதே" என்று போன் தன்னுடையதை மறைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் வெளிக் கீபோர்டுக்கான அமைப்பில் போய்த் திரையிலும் காட்டச் சொல்லலாம். மற்றபடி மெசேஜ் எழுதும்போது ரிமோட்டை அணைத்துவிடுங்கள்.

மோதிர ரிமோட் எப்படி?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு கட்டை விரலால் அழுத்தலாம், கையைத் தூக்கவே வேண்டாம். சோனி கொண்டுவந்த டபிள்யூஎஸ்610 வரிசை, காதிலேயே மாட்டும் வாக்மேன், மோதிரம் போல விரலில் மாட்டும் ரிமோட்டோடு வந்தது. யோசனை சரியானதுதான் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் இப்போது பரவலாகக் கிடைக்கும் மோதிரங்களில் பல, குட்டி வீடியோக்களை மேலும் கீழும் தள்ளுவதற்காகச் செய்தவை. அவை அனுப்புவது பிளே, அடுத்தது என்ற சாவிகளை இல்லை. திரையில் விரல் இழுப்பது போன்ற மவுஸ் அசைவை. போன் லாக் ஆகிப் பைக்குள் இருந்தால் அதற்குப் பயனே இல்லை. விளம்பரத்தில் "மியூசிக்" என்று ஒரு வார்த்தை இருப்பதை நம்பாமல், போன் லாக் ஆகியிருக்கும்போது பாட்டு மாறுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், எடை தூக்கும்போதோ கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதோ மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். விரல் நசுங்கும். தோல் பிய்ந்துபோகிற அளவுக்கு விபத்துகள் சாதா மோதிரத்திலேயே நடப்பதுண்டு.

ஸ்மார்ட்வாட்ச் இருந்தால் போதாதா?

பலருக்குப் போதும். பாட்டின் பெயர் தெரியும், தனியாக எதையும் சுமக்க வேண்டாம். ஐபோன் என்றால் மற்ற நிறுவனங்களின் வாட்ச்களும் பாட்டைக் கட்டுப்படுத்த ஆப்பிளே ப்ளூடூத்தில் ஒரு வழி திறந்துவிட்டிருக்கிறது, அதனால் ஆப்பிள் வாட்ச்தான் வேண்டும் என்றில்லை.

குறை என்ன என்றால் திரைதான். வியர்வை பட்ட கண்ணாடியில் விரல் வழுக்கும், மழைத்துளி தானே பட்டனை அழுத்தும், சட்டைக் கை நீளமாக இருந்தால் முதலில் அதைச் சுருட்ட வேண்டும், முக்கியமாக இரண்டு கையும் வேண்டும்: ஒரு கையில் வாட்ச், மறு கையில் அழுத்துகிற விரல். 2013-இல் கடைக்கு வந்த பெபிள் வாட்ச்சில் டச்சே கிடையாது, வலப்பக்கம் மூன்று பட்டன். மேலே, நடுவே, கீழே. பாட்டு ஓடும்போது ஜாக்கெட் துணிக்கு மேலேயே தடவி அழுத்திவிடலாம். அந்த நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது, ஆனாலும் பாட்டு விஷயத்தில் அதை மிஞ்சிய வாட்ச் அபூர்வம். இப்போது வாங்குகிறவர்கள் பக்கவாட்டு பட்டனையோ திருகையோ பாட்டுக்கு ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆப்பிள் வாட்ச்சில் திருகைச் சுற்றினால் வால்யூம் மாறும், அது அருமையான ஏற்பாடு. 2023-இல் வந்த சீரிஸ் 9-இலிருந்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு முறை தட்டினால் பாட்டு நிற்கும் வசதியும் வந்திருக்கிறது. இரண்டாவது கை தேவையில்லை என்பதால் இதை மனதாரப் பாராட்டலாம்.

கிளிப் போட்டு மாட்டும் ப்ளூடூத் ரிசீவர் என்கிறார்களே, அது என்ன?

தீக்குச்சிப் பெட்டியை விடச் சிறிய ஒரு பெட்டி. ஒரு பக்கம் ப்ளூடூத், மறுபக்கம் 3.5 மி.மீ. ஜாக், முதுகில் கிளிப். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நல்ல வயர் இயர்போனை அதில் செருகி, பெட்டியைக் காலரிலோ பையின் பட்டையிலோ மாட்டிக்கொள்ளலாம். போனோ பிளேயரோ பைக்குள் அடியில் கிடக்கட்டும். ஃபியோவின் பிடிஆர் வரிசை இந்த ரகத்தில் பெயர் பெற்றது.

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே சரியான விடை. இது தன்னை ஹெட்போன் என்று சொல்லிக்கொள்வதால், கீபோர்டை ஏற்காத எளிய பிளேயரோடும் சேரும். பட்டன்கள் நிஜமான பட்டன்கள். இடம் எப்போதும் ஒரே இடம், நெஞ்சுக்கு மேலே, கை தானாகப் போய்ச் சேரும் உயரத்தில். இயர்போன் வயரும் தொடை வரை இறங்காமல் ஒரு சாண் நீளத்திலேயே முடிந்துவிடுவதால், ஓடும்போது துணியில் உரசி காதுக்குள் "தட் தட்" என்று கேட்கும் சத்தமும் குறைகிறது. மிச்ச வயரைச் சுருட்டி கிளிப்புக்குள் சேர்த்துப் பிடித்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தடவிப் பாருங்கள். நல்ல ரிசீவரில் பிளே பட்டன் குழிந்தோ புடைத்தோ இருக்கும், வால்யூம் பட்டன் இரண்டும் அதன் இருபுறமும் இருக்கும். மோசமானதில் நாலு பட்டனும் ஒரே உருவத்தில் வரிசையாக இருக்கும், பவர் பட்டன் வேறு அவற்றுக்கு நடுவில். அடுத்த பாட்டுக்குப் போக நினைத்து அணைத்துவிடுவீர்கள்.

இயர்பட்ஸிலேயே டச் இருக்கிறதே?

இருக்கிறது, அறையில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஓடும்போது நழுவுகிற இயர்பட்ஸைச் சரிசெய்யக் கை வைத்தாலே பாட்டு நின்றுவிடும். தொப்பி, ஹெல்மெட் பட்டை, ஈர முடி எல்லாமே அதற்கு விரல்தான். கையுறை போட்ட விரலோ அதற்கு விரலே இல்லை. பட்டன் உள்ள இயர்பட்ஸில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அழுத்தும்போது காதுக்குள் இன்னும் உள்ளே குத்தும். ஏர்பாட்ஸ் ப்ரோவில் தண்டைப் பிடித்து அமுக்குவது போல வைத்திருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல சமாதானம்: இரண்டு விரலால் பிடிப்பதால் காதுக்குள் தள்ளாது, தெரியாமல் பட்டாலும் இயங்காது.

ஜாக்கெட்டிலேயே பட்டன் வைத்துத் தைத்தார்களாமே, அதெல்லாம் என்ன ஆயிற்று?

ஒவ்வொன்றாக வந்தன, ஒவ்வொன்றாகப் போயின. 2000-இல் லீவைஸும் பிலிப்ஸும் சேர்ந்து எம்பி3 பிளேயரும் போனும் வைத்த ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தன. 2003-இல் பனிச்சறுக்கு ஆடை செய்யும் பர்ட்டன் நிறுவனம், ஐபாடை உள்பையில் வைத்துவிட்டுக் கைப்பகுதியில் தைத்த துணி பட்டன்களால் பாட்டை மாற்றும் ஜாக்கெட்டை விற்றது. தடித்த கையுறையோடு பனியில் நிற்பவருக்கு அது உண்மையிலேயே தேவையான பொருள்தான். 2006-இல் லீவைஸ், ஐபாடுக்கென்றே ஒரு ஜீன்ஸை அறிவித்தது. முன்பக்கக் குட்டிப் பையில் ஒரு ஜாய்ஸ்டிக். கடைசியாக 2017-இல் கூகுளும் லீவைஸும் சேர்ந்து செய்த ஜாக்கெட். இடது மணிக்கட்டுத் துணியில் மின்சாரம் கடத்தும் நூலை நெய்து, அதைத் தடவினால் பாட்டு மாறும்படி செய்தார்கள்.

ஏன் எதுவும் நிலைக்கவில்லை? துணி பல வருடம் உழைக்கும், பிளேயர் இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடும். ஐபாடின் இணைப்பு ஜாக்கையே ஆப்பிள் மாற்றியபோது அதற்கென்று தைத்த வயரெல்லாம் வீணாயிற்று. துணி என்றால் துவைக்க வேண்டும், கூகுள் ஜாக்கெட்டுக்குப் பத்து சலவைதான் கணக்கு. ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டால் ரிமோட்டும் நாற்காலியில். அதற்கும் மேலே, தடவினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆப் வேண்டும். 2023-இல் கூகுள் அந்த ஆப்பை நிறுத்தியதும் ஸ்மார்ட் தொழில்நுட்பம் எல்லாம் போய் வெறும் ஜாக்கெட் மிஞ்சியது. கிளிப் போட்ட பட்டனுக்கு இந்தச் சிக்கல் ஒன்றுமே இல்லை, எந்தச் சட்டையிலும் மாட்டலாம்.

கைத்தசையின் மின்சிக்னலைப் படித்து, கை அசைவால் பாட்டை நிறுத்தும் மையோ என்ற கைப்பட்டையும் வந்தது, 2018-இல் விற்பனை நின்றது. ஓடுகிறவன் கை சும்மாவா இருக்கும்? கை அசைவே கட்டளை என்றால் அசையாமல் ஓட வேண்டியதுதான்.

பட்டனே இல்லாத பிளேயர் ஒன்று வந்ததாமே?

2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐபாட் ஷஃபிள். உடம்பில் ஒரே ஒரு சுவிட்ச், மற்ற எல்லாக் கட்டுப்பாடும் இயர்போன் வயரில். அழகாக இருந்தது. ஆனால் அந்த இயர்போன் அறுந்தால், கையில் இருக்கும் வேறு சாதா இயர்போனைப் போட்டுப் பாட்டை மாற்றவே முடியாது. ஆப்பிள் அடுத்த வருடமே, 2010-இல், நான்காம் தலைமுறையில் பட்டன்களைத் திரும்பக் கொண்டுவந்தது. சட்டையில் கிளிப் போட்டு மாட்டும் அந்த நான்காம் தலைமுறை ஷஃபிளுக்கு ரிமோட்டே தேவையில்லை, பிளேயரே ரிமோட் அளவுதான். பயன்படுத்திய பொருள் சந்தையில் இன்றும் அதைத் தேடுகிறவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

என்னிடம் பழைய ஐபாட் இருக்கிறது, அதற்கு ரிமோட் கிடைக்குமா?

எந்தத் தலைமுறை என்று முதலில் பாருங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை ஐபாடுகளில் ஹெட்போன் ஜாக்கின் பக்கத்தில் ரிமோட்டுக்கென்று ஒரு நீள்குட்டி ஓட்டை இருக்கும், அந்தக் காலத்து வயர் ரிமோட் அதில்தான் செருகும். 2005-இல் வந்த வீடியோ ஐபாடிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், அடியில் உள்ள 30 பின் இணைப்பில் செருகும் ரிமோட் வேண்டும். 2008-இலும் அதற்குப் பிறகும் வந்த கிளாசிக், நான்காம் தலைமுறை நானோ போன்றவற்றில் ஆப்பிளின் பட்டன் வைத்த இயர்போன் நேரடியாகவே வேலை செய்யும்.

இதில் ப்ளூடூத் சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க: ஹெட்போன் ஜாக்கில் செருகும் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒலியை மட்டும்தான் எடுத்துப் போகும், ஹெட்போனில் நீங்கள் அழுத்தும் பட்டன் ஐபாடுக்கு வந்து சேராது. 30 பின் இணைப்பில் செருகும் ரகத்தில் சிலவற்றில்தான் கட்டளையும் வரும்.

வியர்வை, மழை, நீச்சல்?

பெட்டியில் போட்டிருக்கும் நீர்த்தடுப்புத் தரத்தைப் பாருங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை, வியர்வையில் உப்பு இருக்கிறது. பெரும்பாலான சாதனங்கள் சாவது நனைந்ததால் இல்லை, சார்ஜ் முனையில் உப்புப் படிந்து பச்சை பிடிப்பதால். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த பிறகுதான் சார்ஜ்.

நீச்சலுக்கு ப்ளூடூத் ரிமோட் என்ற பேச்சே வேண்டாம். ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், சில சென்டிமீட்டர் தாண்டாது. பாட்டும் பட்டனும் ஒரே உடம்பில் இருக்கும், நினைவகம் உள்ளேயே உள்ள நீச்சல் பிளேயர்தான் வழி. இதே காரணத்தால்தான் தரையிலும், போன் இடது பின்பையிலும் ரிசீவர் வலது தோளிலும் இருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். நம் உடம்பும் பெரும்பகுதி தண்ணீர்தானே. இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் சரியாகிவிடும்.

பேட்டரி எவ்வளவு நாள் வரும்?

ரிசீவர், இயர்பட்ஸ் எல்லாம் மணிக்கணக்கு, ஏனென்றால் அவை ஒலியைச் சுமக்கின்றன. வெறும் பட்டன் என்றால் மாதக்கணக்கு. அவற்றில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய பேட்டரி இருக்கும். 20 என்பது விட்டம் 20 மி.மீ., 32 என்பது தடிமன் 3.2 மி.மீ., எண்ணிலேயே அளவு இருப்பதால் மாற்று வாங்குவது சுலபம். குளிரில் சட்டென்று இறங்கிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே வந்ததும் தேறிவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பேட்டரி மூடி திருகாணியோடு வரும் ரிமோட்டையே வாங்குங்கள். இந்த பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும், காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம்.

வண்டி ஓட்டும்போது ஹேண்டில்பாரில் பட்டன் வைத்துக்கொள்ளலாமா?

போனை எடுப்பதை விட ஆயிரம் மடங்கு மேல். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 33 மீட்டர் பார்க்காமலே போயிருப்பீர்கள். ஆகவே பட்டனைப் பிரேக்குக்கும் ஹாரனுக்கும் இடைஞ்சல் இல்லாமல், பிடியிலிருந்து கட்டை விரல் எட்டும் தூரத்தில் கட்டுங்கள். நிற்கும்போது கண்ணை மூடி அழுத்திப் பழகுங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓட்டலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். காதைத் திறந்தே விடும் எலும்புவழி ஹெட்போன்கள் இருக்கின்றன. பட்டனும் அவற்றிலேயே கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

எல்லாம் சரி, குட்டி ரிமோட் தொலைந்துபோகிறதே?

தொலையத்தான் செய்யும். கிளிப்பை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு மெல்லிய கயிற்றால் பையின் வளையத்தில் கட்டிவிடுங்கள். கயிறு கோக்க ஓட்டை இல்லாத ரிமோட்டைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.